முதுகு காட்டி நிற்கும் இடையன்

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கும் பழைய தகரப்பெட்டி கீழே இறங்கும். அதனுள் வைக்கோல் சுற்றிய பதினொரு சுரூபங்கள் உறங்குகின்றன. என் திருமணத்தின்போது என் தந்தை சீதனத்தோடு வாங்கித் தந்தவை அவை. அவற்றுள் ஓர் இடையனின் வலக்கை முழங்கைக்குக் கீழே ஒட்டப்பட்டிருக்கும். எங்கள் குடிலில் அவன் மட்டும் இயேசு பாலனை நோக்கி மண்டியிடாமல், குன்றின் உச்சியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். சென்ற ஆண்டு என் பேரன், “பாட்டி, இவர் மட்டும் ஏன் சாமியைப் பார்க்காமல் திரும்பி நிற்கிறார்?” என்று கேட்டான். அவனிடம் சொன்னதை இந்த இதழின் வாசகர்களிடமும் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றிற்று. என்னுடைய குற்றம் ஒன்று அதில் அடங்கியிருக்கிறது.

என் கணவர் ஆசிரியப் பணியில் இருந்தபோது ஜவ்வாது மலையில் சில ஆண்டுகள் குடியிருந்தோம். ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் செல்லும் மலைப்பாதையையொட்டி ஒரு சிற்றூர். மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் விளைவித்து, ஆடு வளர்த்து, தேனும் புளியும் சேகரித்து வாழும் ஊர். எங்கள் வீட்டுக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. கடைத்தெருவுக்குப் போவதென்றால் மலையிறங்க வேண்டும். ஆகவே கிறிஸ்து பிறப்புக்கு வேண்டிய ஒவ்வொன்றையும் எங்கள் கையாலேயே செய்துகொள்ளும் பழக்கம் ஏற்பட்டது. வறுமையால் தொடங்கிய அப்பழக்கம், பின்னர் வசதி வந்த காலத்திலும் எங்களை விட்டுப் போகவில்லை.

முதல் வேலை விண்மீன் கட்டுவது. மூங்கிலைச் சீவி, ஒரே நீளமுள்ள பத்துச் சிம்புகள் எடுப்பார் என் கணவர். ஐந்து சிம்புகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட வைத்து முனைகளைக் கட்டினால் ஐந்து கூருள்ள ஒரு விண்மீன் கிடைக்கும். அதுபோல் இரண்டு செய்து, இரண்டின் கூர்களையும் சேர்த்துக் கட்டவேண்டும். பின்பு உட்புறத்தில் சிம்புகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் நான்கு விரற்கடை நீளமுள்ள குச்சிகளை இரு சட்டங்களுக்கும் இடையே முட்டுக் கொடுத்தால், தட்டையாயிருந்த விண்மீன் வயிறு உப்பி எழும். மைதாப் பசை காய்ச்சும்போது பூச்சி அரிக்காதிருக்கச் சிறிது துத்தம் சேர்ப்பதுண்டு; துத்தம் நஞ்சாகையால் அந்த வேலையைச் சிறுவர் கையில் தரலாகாது. ஒவ்வொரு கூருக்கும் தனித்தனியே காகிதம் ஒட்டுவது நல்லது. காற்றில் ஒன்று கிழிந்தால் அதனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே கண்ணாடிக் குவளையில் பாதி நீரும் அதன்மேல் எண்ணெயும் ஊற்றித் திரி மிதக்கவிடுவோம். அனல் வெளியேற மேற்புறத்தில் ஒரு திறப்பு விட்டு, பக்கத்தில் ஆள் இல்லாமல் விளக்கை விட்டுவிடமாட்டோம்.

இரண்டாவது வேலை முளைப்பாரி. கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, மணலும் சாம்பலும் கலந்து பரப்பிய தட்டுகளில் தூவி, நீர் தெளித்து மூடிவைப்போம். மலைக் குளிரில் முளை மெதுவாகவே வரும்; எனவே விழாவுக்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்னரே தூவிவிட வேண்டும். குரோவாசியாவிலும் அங்கேரியிலும் டிசம்பர் 13ஆம் நாள், புனித லூசியாள் திருநாளன்று, கோதுமையை இவ்வாறே தட்டில் விதைக்கிறார்கள். பிரான்சு நாட்டின் தென்பகுதியான புரோவான்சில் டிசம்பர் 4ஆம் நாள், புனித பார்பரம்மாள் திருநாளன்று விதைக்கிறார்கள். நம் வீட்டுக் கேழ்வரகுத் தட்டுக்கு உலகெங்கும் உறவினர் இருக்கிறார்கள் என்று பின்னாளில் அறிந்தபோது மகிழ்ந்தேன்.

மூன்றாவது வேலைதான் குடில். பழுப்புத்தாளைக் கசக்கி, பசையில் தோய்த்து, கற்களின்மேல் போர்த்திக் காயவைத்தால் மலை தயார். அதற்குக் காவியும் அடுப்புக்கரியும் சுண்ணாம்பும் வண்ணம். கூரை வேய அறுவடை முடிந்த சாமைத் தாள். இத்தாளை எங்களுக்குக் கொண்டுவந்து தருபவன் அண்டைக் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு சிறுவன். பத்து வயதிருக்கும். பள்ளிக்குச் சில நாள் வருவான். மற்ற நாட்களில் வீட்டு வெள்ளாடுகளை மேய்ப்பான். நாங்கள் குடில் கட்டுவதைத் திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டேயிருப்பான். திண்ணையைத் தாண்டி அவன் வந்ததில்லை. நானும் உள்ளே வா என்று அழைத்ததில்லை. அன்று அதனை ஒரு குறையாகவே நான் எண்ணவில்லை.

அது 1985ஆம் ஆண்டு. காவலூர் வானாய்வகத்தில் 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி நிறுவப்பட்டிருந்த காலம். அதற்காக உழைத்த வானியல் அறிஞர் வைணு பாப்பு 1982இலேயே மறைந்துவிட்டார். பிரதமர் ராஜீவ் காந்தி 1986 சனவரி 6ஆம் நாள் அத்தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரைச் சூட்டினார். விண்மீனைப் பின்தொடர்ந்து வந்த மூவரசரின் திருநாள் மரபுப்படி அதே சனவரி 6 அன்றோ என்று என் கணவர் பலரிடமும் சொல்லிச் சொல்லி வியப்பார். விண்மீன்களை நோக்குவோர் அந்த மலையைத் தேடி வந்ததன் காரணங்களுள் அதன் இருளும் ஒன்று. அந்த இருளில் எங்கள் காகித விண்மீன் தொலைவிலிருந்தும் தெரியும். ஆடுகளைக் கிடை சேர்த்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே வீடு செல்வதாக அச்சிறுவன் கூறியதுண்டு.

டிசம்பர் 23ஆம் நாள் மாலை. சுரூபங்களைக் குடிலில் அடுக்கிவிட்டு நான் அடுக்களைக்குச் சென்றேன். அச்சு முறுக்குக்கு மாவு கரைத்து வைத்திருந்தேன், எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. சிறிது நேரம் கழித்துக் கூடத்துக்கு வந்து பார்த்தால், அச்சிறுவன் குடிலின்முன் குந்தியிருக்கிறான். தலைச்சுமையாகக் கொண்டுவந்த சாமைத் தாளை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்திருக்கிறான். நான் அழகுற வரிசையாக வைத்திருந்த ஆடுகள் இடம் மாறியிருந்தன. ஆட்டுக்குட்டி தன் தாயின் வயிற்றையொட்டிக் கிடந்தது. ஓர் இடையன் அவன் கையில் இருந்தான்.

“யார் உன்னை இதைத் தொடச் சொன்னது?” என்று கத்தினேன்.

அவன் திடுக்கிட்டு எழுந்தான். கையிலிருந்த இடையன் தரையில் விழுந்தான். முழங்கைக்குக் கீழே கை முறிந்து தனியே ஓடிற்று. என் தந்தை வாங்கித் தந்த பொருள் என்ற நினைவு என் அறிவை மறைத்துவிட்டது. அதன்பின் நான் சொன்ன சொற்களை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அவன் எந்த இனத்தவன், என் வீட்டில் எதுவரை வரலாம் என்பதையெல்லாம் அச்சொற்களில் சொல்லிவிட்டேன். அவன் அழவில்லை. வாசற்படியில் நின்று ஒன்றே ஒன்று சொன்னான்:

“குட்டியை அவ்வளவு தூரத்துல விட்டா ராவெல்லாம் கத்தும் அம்மா. அப்புறம், எல்லாரும் இங்கேயே முட்டி போட்டுட்டா ஆட்டை யாரு பார்க்கிறது? நரி வருமே.”

சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இரவு என் கணவர் வந்ததும் முறிந்த சுரூபத்தைக் காட்டி முறையிட்டேன். அவர் குடிலை நெடுநேரம் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து வேதாகமத்தை எடுத்து லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைத் தனக்குள் வாசித்தார். “இவர்கள் இரவெல்லாம் கண்விழித்துக் கிடை காத்தவர்கள் என்றுதானே இங்கே இருக்கிறது? நம் வீட்டில் கிடை காக்கத் தெரிந்தவன் அவன் ஒருவனே. அவனை வெளியே அனுப்பிவிட்டாய்” என்றார். வேறொன்றும் அவர் சொல்லவில்லை. வஜ்ஜிரத்தைக் காய்ச்சிக் கையை ஒட்டினார். ஒட்டிய இடையனைக் குன்றின்மேல் ஏற்றி, ஆடுகள் இருக்கும் திக்கை நோக்கி நிறுத்தினார்.

நடுச்சாமப் பூசையில் எனக்கு மனம் நிலைகொள்ளவில்லை. விழாவன்று காலை அதிரசமும் அச்சு முறுக்கும் ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு அவர்கள் குடியிருப்புக்குச் சென்றேன். அவர்கள் வீட்டுப் படல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. குடகு மலையில் காப்பிப் பழம் பறிக்கும் வேலைக்காக முந்தின நாளே பிள்ளைகளோடு புறப்பட்டுப் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக் கிழவியார் சொன்னார். ஆடுகளை அவரிடம் விட்டிருந்தார்கள். தூக்கை அவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

இத்துடன் முடிந்திருந்தால் வாய்ப்பில்லாமற் போயிற்று என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் பங்குனி மாதம் அவர்கள் திரும்பி வந்தார்கள். ஒருநாள் ஒற்றையடிப் பாதையில் அவன் ஆடுகளோடு எதிரே வந்தான். என்னைக் கண்டதும் ஆடுகளைப் புதர்ப்பக்கம் ஒதுக்கிக்கொண்டு நின்றான். “நான் சொன்னது தவறு, தம்பி” என்று நான்கு சொற்கள் சொன்னால் போதும். வயதில் மூத்தவள், ஆசிரியர் மனைவி, ஒரு சிறுவனிடம் எப்படிச் சொல்வது என்ற எண்ணம் என் நாவைக் கட்டிற்று. நான் கடந்து போய்விட்டேன். அடுத்த கல்வியாண்டில் எங்களுக்கு மாற்றல் வந்தது. அதன்பின் அவனை நான் காணவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் இதனைச் சொல்லிப் பொறுத்தல் பெற்றிருக்கிறேன். ஆயினும் குன்றின்மேல் நிற்பவனை வேறிடம் மாற்ற எனக்குத் துணிவில்லை.

1223ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுக் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் பிறப்புக் காட்சியை அமைத்தபோது, வைக்கோல் நிறைந்த தீவனத் தொட்டியையும் உயிருள்ள ஓர் எருதையும் கழுதையையுமே வைத்தார் என்பது வரலாறு. கூடி நின்ற ஊர்மக்களே அங்கு இடையர்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது கோவில்கள் அடைக்கப்பட்டுப் பொதுக் குடில்கள் இல்லாமற்போன காலத்தில், புரோவான்சு மக்கள் களிமண்ணால் சிறு பொம்மைகள் செய்து தங்கள் வீடுகளிலேயே குடில் அமைத்தார்கள். தண்ணீர் சுமப்பவள், மீன் விற்பவள், மாவரைப்பவன் என்று தங்கள் ஊராரையே அதில் நிறுத்தினார்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் முதல் நாள் கிரேச்சோவுக்கே சென்று, குடிலைப்பற்றிய தம் திருமடலில் கையொப்பமிட்டார். எளியவரும் அன்றாடத் தொழில் செய்வோரும் குடிலில் இடம்பெறும் வழக்கத்தை அம்மடலில் அவர் போற்றியிருக்கிறார். எங்கள் மலையில் ஒரு சிறுவன் எந்த மடலையும் படிக்காமலே அதைச் செய்ய வந்தான். நான்தான் அவனை விரட்டினேன்.

இப்போது நான் மலையடிவாரத்தில் திருப்பத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். என் கணவர் இறைவனடி சேர்ந்துவிட்டார். கடைகளில் மின்னும் விண்மீன்களும் ஆயத்தக் குடில்களும் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்குவோரை நான் குறை கூறமாட்டேன். வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கு நேரம் ஏது? ஆனாலும் ஒரு பொருளையாவது வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மிக எளியது மண்பொம்மை. புற்றுமண்ணை நனைத்து, வேரும் கல்லும் நீக்கி, வெடிக்காதிருக்கச் சிறிது பஞ்சைப் பிய்த்துச் சேர்த்துப் பிசையுங்கள். கழுத்துக்குள் ஒரு மூங்கிற்குச்சி செருகினால் தலை நிற்கும். நிழலில் நான்கைந்து நாள் காயவிட்டு, சுண்ணாம்பு பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டலாம். பிள்ளை செய்யும் ஆடு நாயைப்போல் இருந்தாலும் அதனைத் திருத்தாதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வந்து தொடட்டும். அவன் எந்த மதத்தவனாயினும், வீட்டு வேலைக்கு வருபவளின் மகனாயினும் வந்து தொடட்டும். சுரூபம் உடைந்தால் ஒட்டிக்கொள்ளலாம். அதற்குப் பசை இருக்கிறது.

இவ்வளவையும் கேட்ட என் பேரன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு தான் செய்த மண் ஆடு ஒன்றைக் கொண்டுபோய்க் குன்றின் உச்சியில், அந்த இடையனின் காலடியில் வைத்தான். “அவர் தனியாக நிற்கிறாரே, அதற்குத்தான்” என்றான். இவ்வாண்டும் அது அங்கேயே இருக்கும்.

வாசகக் குடும்பங்கள் அனைத்துக்கும் என் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். ஜவ்வாது மலைப் பாதைகளில் எங்கோ, இன்று ஐம்பது வயதாகியிருக்கக்கூடிய அந்த மனிதருக்கும் அவர் குடும்பத்துக்கும் இயேசு பாலன் எல்லா நலமும் அருள்வாராக.