அப்பாவின் வலது கணுக்கால்

அப்பாவுக்கு லாரி ஓட்டுறதுதான் பிழைப்பு. பத்து வருஷத்துக்கு முன்னாடி உடைஞ்ச வலது கணுக்கால்ல இப்போ குருத்தெலும்பு தேய்ஞ்சு போச்சாம். முட்டித் தேய்மானம் மாதிரி இது வயசால வர்றது குறைவு, பெரும்பாலும் பழைய அடிதான் காரணமாம்.

பட்டை, மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாச்சு. மிச்சம் ரெண்டு வழி. மூட்டை ஸ்க்ரூ போட்டு இறுக்கிட்டா வலி போகும், ஆனா பாதம் மேலே கீழே அசையாது. செயற்கை மூட்டு வெச்சா அசையும், தேய்ஞ்சா மறுபடி ஆபரேஷன். 2022ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஒரு வருஷம் கழிச்சு ரெண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனா அதுல 50 வயசுக்குக் கீழே யாருமில்லை. அப்பாவுக்கு 47.

இறுக்கிடுறதே மேல்னு எனக்குத் தோணுச்சு, ஒரே செலவோட முடியுமே! அப்பா கேட்டது ஒண்ணுதான்: "பிரேக் மிதிக்க முடியுமா சார்?"

டாக்டர் எக்ஸ்ரேயைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தார்.