கைக்குச் சாட்சி இல்லை

'எல்லாம் கைப்பழக்கம்' என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வரும். யார் சொல்கிறார்கள், யாருடைய கையைச் சொல்கிறார்கள் என்று பார்த்தாக வேண்டும். கார் ரிப்பேரிலும் இந்தப் பேச்சு உண்டு. நட்டை முறுக்க டார்க் ரெஞ்ச் என்றொரு கருவி இருக்கிறது. அளவை வைத்துவிட்டு முறுக்கினால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும். அதெல்லாம் வேண்டாம், தேர்ந்த கைக்கே தெரியும் என்பது இன்னொரு கட்சி.

எங்கள் மாமா இரண்டாவது கட்சி. பன்னிரண்டு வயசில் ஒரு லாரி ஷெட்டுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையனாகப் போனவர். அவர் சொல்லுவார்: "நட்டு மொதல்ல சும்மா வரும். அப்பறம் புடிக்கும். அப்பறம் ஒரு எடத்துல கல்லு மாதிரி நிக்கும். அதுக்கு மேல இழுத்தா கொழகொழன்னு ஆயிடும், போல்ட்டு செத்துச்சுன்னு அர்த்தம். கல்லுக்கும் கொழகொழாவுக்கும் நடுவுலதான் கீது மாப்ள தொழிலு."

இதை யாரும் அவருக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அடி வாங்கி, திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது. ஷெட்டில் அவருக்கு டீ கிளாஸ் தனி. அவர் கை பட்ட நட்டில் மட்டும் தீட்டு கிடையாது. "உன் கை ராசியான கைடா" என்பார் ஓனர். ராசிக்காகக் கூலி ஒரு ரூபாய் ஏறியதில்லை. ஒரு தடவை அதிக பாரம் ஏற்றிப் போன லாரியில் பின்சக்கரப் போல்ட்டுகள் முறிந்துவிட்டன. அப்போது அதே ஓனர், "நீ டைட் வச்ச லட்சணம்" என்று மூணு மாசக் கூலியைப் பிடித்துக்கொண்டார். சரியாகத்தான் முறுக்கினேன் என்று மாமா இன்றைக்கும் சொல்கிறார். எப்படி நிரூபிப்பது? கைக்குச் சாட்சி இல்லை. எழுத்தில் இல்லாத திறமையை வேண்டும்போது புகழலாம், வேண்டாதபோது பழிக்கலாம். நம் ஜனங்களின் உழைப்பு முழுக்க இப்படித்தான் நடத்தப்பட்டிருக்கிறது.

மாமா மகள் டிப்ளமோ படித்து வேலைக்குப் போகிறவள். பழைய கார் ஒன்று வாங்கி வாசலிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். அவள் டார்க் ரெஞ்ச் வாங்கி வந்தபோது மாமாவுக்குக் கோபம். "எங்கைய விட அந்தக் கம்பிக்கு இன்னா தெரியும்?" அவள் சொன்னாள்: "உன் கைய நா எங்க போய் வாங்குவேன் நைனா? இத கடையில குடுக்கறான்."

இதில் பெரிய விஷயம் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் சக்கர நட்டுக்கு 80-லிருந்து 140 நியூட்டன் மீட்டர் வரை அளவு. எந்த வண்டிக்கு எவ்வளவு என்று அதனதன் கையேட்டில் போட்டிருக்கும். 100 என்றால், அரை மீட்டர் கம்பியின் நுனியில் ஏறக்குறைய 20 கிலோ பாரம். அந்த எண் எந்தத் தெரு என்று கேட்காது, ஆணா பெண்ணா என்றும் கேட்காது. ஸ்பேனர் நீளம் மாறினால் கைக்கணக்கு மாறும். களைத்துப் போன சாயங்காலக் கை காலைக் கை அல்ல. அலுமினிய ஹெட்டில் பிளக்கைக் கொஞ்சம் கூட முறுக்கினால் மரை போய்விடும்.

1953-இல் ராஜாஜி அரசு கிராமத்துப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று எதிர்த்ததால் 1954-இல் அது கைவிடப்பட்டது. அப்பன் கை மகனுக்கு என்பதுதான் அதன் சாரம். கைப்பழக்கத்தைக் கொண்டாடுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. படித்தவன் ஞாயிற்றுக்கிழமை தன் காரைத் தானே கழற்றினால் அது ஆர்வம். நம் பையன் கழற்றினால் பிறவித் தொழில்.

அதற்காகக் கருவியைச் சாமியாக்கவும் வேண்டாம். முறுக்கும் பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. மீதி உராய்வில் போய்விடும். மரையில் எண்ணெய் இருந்தால் உராய்வு குறைந்து, அதே எண்ணிலேயே போல்ட் அதிகமாக இழுபடும். துருவோ அழுக்கோ இருந்தால் பிடிப்பு குறைந்துபோகும், அப்போதும் ரெஞ்ச் 'டிக்' என்றுதான் சொல்லும். மாமா விரலால் மரையைத் தடவிப் பார்த்து, "எண்ண கீது, தொடச்சிட்டு வை" என்கிறார். அவள் துடைத்துவிட்டு, நட்டுகளை எதிரெதிராகப் பிடித்து, அளவு வைத்து முறுக்குகிறாள். வேலை முடிந்ததும் ரெஞ்சைக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்கிறாள். கழற்றுவதற்கு அதைத் தொடுவதில்லை.

இரும்பு இழுபட்டுப் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகிற எல்லைக்கு இயந்திரவியல் புத்தகத்தில் பெயர் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது. அதைத்தான் மாமா 'கொழகொழா' என்கிறார். அவருக்குத் தெரிந்தது ராசியல்ல, அறிவு. அறிவென்றால் அதை எழுத வேண்டும், அளக்க வேண்டும், யார் பிள்ளை கேட்டாலும் கற்றுக்கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் மூணு மாசக் கூலியைப் பிடிக்க வருகிறவனிடம் எடுத்துக்காட்ட நம் கையில் ஒரு எண்ணாவது இருக்கும்.