இரட்டைத் துருத்தி

குத்தாலம் என்று சொன்னால், "அருவியில் நீர் விழுகிறதா?" என்று வினவுவோர் இன்றும் உளர். அது தென்காசியை அடுத்த குற்றாலம். நம் ஊரோ மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே, காவிரிக் கரையில் உள்ள குத்தாலம். தேவாரம் பாடப்பெற்ற காலத்தில் இதன் பெயர் திருத்துருத்தி. துருத்தி என்னும் சொல்லுக்கு ஆற்றிடைக்குறை என்பது ஒரு பொருள். கொல்லன் உலையில் காற்றூதும் கருவி என்பது மற்றொரு பொருள். முதற்பொருளை நமக்குக் கற்பித்தவர் தமிழாசிரியர். இரண்டாம் பொருளைக் கற்பித்தது, நம் வீட்டுத் திண்ணையோரம் நின்ற ஒரு மோட்டார் சைக்கிள் ஆகும்.

நம் அத்தா அரபு நாட்டில் உழைத்துத் திரும்பியதும், 1987ஆம் ஆண்டில் அதை வாங்கினார். 'ராஜ்தூத் 350' என்பது அதன் பெயர். ஜப்பானின் யமஹா நிறுவனம் 1973இல் வெளியிட்ட ஆர்.டி. 350 வண்டியை, எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தார் நம் நாட்டுக்கேற்பச் சில மாற்றங்களுடன் 1983 முதல் இங்கே உருவாக்கினர். 1990 அளவில் அதன் உற்பத்தி நின்றது. 347 சி.சி. கொள்ளளவு, இரண்டு சிலிண்டர்கள், இரண்டு கார்புரேட்டர்கள், இரண்டு சைலன்சர்கள், ஆறு கியர்கள். ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளையே கண்டு பழகிய ஊருக்கு அதன் ஓசையே ஒரு செய்தியாயிற்று. ஆனால், லிட்டருக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. உதிரிப் பாகங்களின் விலையும் மிகுதி. ஆகவே வாங்கியோர் குறைவு. வாங்கி வைத்துக் காத்தோர் அதனினும் குறைவு.

இதன் எந்திரம் 'டூ ஸ்ட்ரோக்' வகையைச் சேர்ந்தது. பிஸ்டன் மேலேறும்போது அதன் கீழுள்ள அறை, பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவியை உள்ளிழுக்கும். கீழிறங்கும்போது அதை அழுத்தி மேலே சிலிண்டருக்குள் செலுத்தும். உலைத்துருத்தி செய்வதும் இதுவே அன்றோ? இரண்டு சிலிண்டர்களில் ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். உள்ளே சென்ற ஆவி வந்த வழியே திரும்பாதபடி, 'ரீடு' எனப்படும் மெல்லிய எஃகு நாக்குகள் வாயிலை மூடிக்கொள்ளும். அவற்றை முதன்முதலில் கண்டபோது நமக்கு நினைவில் வந்தது நாகசுரத்தின் சீவாளி. நம் பக்கத்துத் திருவாவடுதுறை சீவாளிக்குப் பெயர்பெற்ற ஊர். நாக்கு சிறிது பிளந்தாலும் இசையும் இல்லை, ஓட்டமும் இல்லை.

அதைக் கிளப்புவதற்கு அத்தா ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். பெட்ரோல் குழாயைத் திறந்து சிறிது நேரம் பொறுக்க வேண்டும். சோக்கை உயர்த்த வேண்டும். சாவியைத் திருப்பாமலே இரண்டு மூன்று முறை கிக்கரை மெல்ல மிதிக்க வேண்டும். பின்னரே சாவியைத் திருப்பி, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், ஓங்கி ஒரே மிதி. கிளம்பியவுடன் முறுக்கலாகாது, சூடேறியபின் சோக்கை இறக்கி, இரு சைலன்சர்களின் வாய்க்கும் நேரே சற்றுத் தள்ளி உள்ளங்கையைக் காட்டிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் காற்று ஒரே சீராக வந்தால் நலம். ஒன்றில் தளர்ந்திருந்தால், அந்தப் பக்கத்துப் பிளக்கையோ பாயிண்டையோ கவனிக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பாயிண்ட் உண்டு. அவற்றின் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் அமைய வேண்டும். ஒரு சிலிண்டர் சோர்ந்தாலும் மற்றொன்று அதையும் இழுத்துக்கொண்டு ஓடும்; அதனாலேயே குறை வெளியே தெரிய நாளாகும்.

இவ்வண்டியில் எண்ணெயைத் தானே ஊட்டும் பம்பு ஒன்று உண்டு. அது பழுதுற்றதும் மாற்றுப் பம்பு கிடைக்கவில்லை. ஆகவே அதை அடைத்துவிட்டு, லிட்டருக்கு 50 மில்லி வீதம் பெட்ரோலிலேயே எண்ணெய் கலக்கும் வழக்கம் ஏற்பட்டது. டூ ஸ்ட்ரோக் எந்திரத்தின் பிஸ்டனுக்கு அந்த எண்ணெயே உயிர்.

1992ஆம் ஆண்டு. நாம் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தோம். நோன்பு மாதத்தில் ஒருநாள், அம்மாவுக்கு மருந்து வாங்கி வருமாறு அத்தா சாவியைத் தந்தார். டேங்க் ஏறத்தாழக் காலியாக இருந்தது. நோன்பு திறப்பதற்குள் திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில் பெட்ரோலை மட்டும் நிரப்பிக்கொண்டு மயிலாடுதுறைக்கு விரைந்தோம். எண்ணெயை மறந்தோம். திரும்பும் வழியில், இருபுறமும் வயல் சூழ்ந்த சாலையில், எந்திரத்தின் ஓசை மெலிந்து கீச்சிட்டது. மறுகணம் பின்சக்கரம் இறுகி வண்டி இழுபட்டது. கிளட்சைப் பிடித்ததால் உயிர் தப்பினோம், அல்ஹம்துலில்லாஹ். பாங்கொலி கேட்கும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தோம்.

மறுநாள் கடைவீதி மெக்கானிக் அண்ணன் சிலிண்டரைக் கழற்றினார். இடப்பக்கத்துப் பிஸ்டன் உராய்ந்து, அதன் அலுமினியம் சுவரில் ஈஷியிருந்தது. எண்ணெய்ப் பசையே இல்லை. அவர் பிஸ்டனைப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார். அருகில் நின்ற அத்தாவிடம், "வண்டிக்கு வயசாகுதுல்ல பாய், பிஸ்டன் புடிச்சிருச்சு" என்று மட்டும் சொன்னார். உண்மையைச் சொல்ல வேண்டிய நாம் வாய் திறக்கவில்லை. நோன்பு வைத்த வாய் பொய் சொல்லவில்லை என்று நமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டோம். மௌனமும் ஒரு பொய்யே என்பதை அறியாதவர்களா நாம்?

"ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் ரெண்டையும் கடையணும் பாய். ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னா ஒத்துப்போகாது" என்றார் மெக்கானிக். இரு சிலிண்டர்களையும் லேத்தில் கடைந்து, அளவு கூடிய புதுப் பிஸ்டன்கள் இரண்டைப் போட்டனர். செலவு பெரிது. அவ்வாண்டுப் பெருநாளுக்கு எங்கள் எல்லோருக்கும் புத்தாடை வந்தது. அத்தா மட்டும் பழைய சட்டையைத் துவைத்து அணிந்து தொழுகைக்கு வந்தார். அச்சட்டையின் கழுத்துப்பட்டை நைந்திருந்தது இன்றும் நம் கண்ணில் நிற்கிறது.

பதினேழு ஆண்டுகள் சென்றன. 2009இல் அத்தா நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். ஒருநாள் மாலை வண்டிச் சாவியையும் ஒரு சிறு கண்ணாடிப் புட்டியையும் நம் கையில் கொடுத்தார். "அம்பது மில்லிக்குக் கோடு போட்டு வச்சிருக்கேன் தம்பி, மறந்துடாதே" என்றார். நம்மால் அதற்குமேல் தாங்க இயலவில்லை. அன்று நடந்ததைச் சொன்னோம். அவர் சிரித்தார். "அன்னிக்கு ராத்திரியே டேங்க்கைத் திறந்து பார்த்தேன். ஆயில் வாடையே இல்லை. நீயே சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார். ஒரு சொல்லுக்காகப் பதினேழு ஆண்டுகள் காத்திருந்த பொறுமையை எந்த நூலில் நாம் படித்தோம்? அடுத்த மாதம் அவர் இறையடி சேர்ந்தார்.

இன்று அவ்வண்டிக்கு இலட்சக்கணக்கில் விலை கூறி வருவோர் உளர். அது விற்பனைப் பொருள் அன்று, அமானிதம் என்று கூறி அனுப்பிவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாயிண்டில் ஈரம் ஏறும், துடைத்து வைக்கிறோம். இக்காலப் பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது; ஆகவே வண்டி நெடுநாள் நிற்குமானால் கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோலை வடித்துவிடுகிறோம். சைலன்சரில் படியும் கரியை ஆண்டுக்கொரு முறை சுரண்டி எடுக்கிறோம். இவை கடினமான பணிகள் அல்ல. மறவாமல் செய்வதே கடினம்.

அன்பு மாணவச் செல்வங்களே! உங்கள் பெற்றோரிடம் சொல்லாமல் விட்ட உண்மை ஏதேனும் உங்கள் நெஞ்சில் இருக்கக்கூடும். அதை அவர்கள் முன்பே அறிந்து, உங்கள் வாயால் கேட்கக் காத்திருக்கவும் கூடும். பதினேழு ஆண்டுகள் தாழ்த்த வேண்டா.

வெள்ளிக்கிழமைதோறும் காலையில் அப்புட்டியின் கோடுவரை எண்ணெய் அளந்து ஊற்றி, அத்தா சொன்ன ஒழுங்கின்படியே வண்டியைக் கிளப்புகிறோம். இரு சைலன்சர்களுக்கும் நேரே கையைக் காட்டிப் பார்க்கிறோம். வல்ல இறைவன் அவருடைய மறுமையைச் சிறப்பாக்கி வைப்பானாக!