ஆறு வோல்ட் ஜீப்பும் அப்பாவும்

நைட் டூட்டி முடிந்து வந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

1/
எங்க வீடு ராஜபாளையம். மலையடிவாரத் தோப்புக்குப் போய்வர தாத்தா மிலிட்டரி டிஸ்போசலில் வாங்கிய வில்லிஸ் ஜீப் ஒன்று கொட்டகையில் நிற்கிறது. இரண்டாம் உலகப்போருக்காக வில்லிஸும் ஃபோர்டும் ஆறு லட்சத்துக்கு மேல் தயாரித்த அதே வண்டி. அப்பா ஓட்டப் பழகியது அதில்தான்.

2/
அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருசம். பேச்சு குழறும். ஒருநாள் தெளிவாகச் சொன்னார்: "ஜீப்ப ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுடா."

3/
செல்ஃப் அடித்தால் "டொக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு பட்டறையில் பேட்டரி, கேபிள், செல்ஃப் மோட்டார், காயில் என்று ஒவ்வொன்றாக மாற்றினார்கள். மூன்று மாதம் போனது. கடைசியில், "12 வோல்ட்டுக்கு மாத்திருங்க சார்" என்றார்கள். அப்பா தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பிரஷரே பார்க்காமல் மாத்திரையை மாற்றி மாற்றி எழுதும் வேலைதானே இது?

4/
டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கினேன். பேட்டரியில் 6.3 வோல்ட். செல்ஃப் மோட்டார் முனையிலும் 6.3. எல்லாம் நார்மல், ஆனால் வண்டி அசையவில்லை.

உட்கார்ந்திருக்கும்போது ஈசிஜி நார்மல், மாடிப்படி ஏறினால் நெஞ்சுவலி. இப்படி வருகிறவர்களுக்கு டிரெட்மில் டெஸ்ட் எழுதுவோம். ஜீப்பையும் லோடு கொடுத்துத்தான் பார்க்கணும்.

5/
அதற்கான கருவிகளைத் தேடி ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஸ்கூட்டரில் அலைந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய பேட்டரிக் கடைக்காரர் பெஞ்சுக்கு அடியிலிருந்து செல் டெஸ்டரை எடுத்தார். இரண்டு கூர்முனை, நடுவில் மின்தடைப் பட்டை, மேலே முள் மீட்டர். அந்தக் காலத்து பேட்டரியில் ஈயப் பட்டைகள் வெளியே தெரியும், ஒவ்வொரு 2 வோல்ட் செல்லையும் தனித்தனியே குத்திப் பார்க்கலாம். இப்போது எல்லாம் மூடிய பேட்டரி.

"இதக் கேட்டு ஆள் வந்து பத்து வருசமாச்சு சார்" என்றவர், 6, 12 இரண்டுக்கும் ஆகும் லோடு டெஸ்டரைக் கொடுத்தார். பேட்டரி பாஸ்.

6/
அடுத்து ராஜபாளையத்தில் மில் மோட்டார் காயில் கட்டும் கடை. மாஸ்டருக்கு எழுபது வயசு இருக்கும். ஆர்மேச்சரை குரௌலர் மேல் வைத்து, ஹேக்ஸா பிளேடை அதன்மேல் பிடித்துச் சுற்றினார். உள்ளே ஷார்ட் இருந்தால் பிளேடு அதிரும். அதிரவில்லை.

பிறகு அலமாரியிலிருந்து கறுப்புப் பெட்டி ஒன்றை இறக்கினார். ஏவோ மீட்டர், மாடல் 8! ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றின் முதலெழுத்துதான் ஏவோ. 1923-லேயே பிரிட்டனில் வந்த மீட்டர், மாடல் 8 வந்தது 1951-ல்.

7/
மறுநாள் வீட்டுக்கே வந்தார். ஒரு முனையை பேட்டரி மைனஸில், இன்னொன்றை இஞ்சின் பிளாக்கில் வைத்து, "செல்ஃப் அடிங்க தம்பி" என்றார்.

முள் 1.5-ல் நின்றது. 0.2-க்குள் இருக்க வேண்டியது. ஆறு வோல்ட்டில் கால்வாசி எர்த்திலேயே போகிறது!

பட்டறையில் எர்த் கேபிளையும் மாற்றியிருக்கிறார்கள். 12 வோல்ட் வண்டிக்கான மெலிசு கேபிள், அதுவும் பெயிண்ட் மேலேயே முடுக்கியது. வோல்ட் பாதியானால் அதே வேலைக்குக் கரண்ட் இரண்டு மடங்கு வேண்டும். கேபிளும் அதற்கேற்ற தடிமனில் இருக்கணும்.

8/
இந்த டெஸ்ட்டை என் டிஜிட்டல் மீட்டரிலேயே செய்திருக்கலாம்! எங்கே வைக்கணும், எப்போது பார்க்கணும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டதற்கு மாஸ்டர் சிரித்தார். "ஸ்டெதஸ்கோப் கடையில கிடைக்கும்ல தம்பி?"

9/
பெயிண்டைச் சுரண்டி, தடிமனான கேபிள் போட்டோம். மூன்றாவது முறை செல்ஃப் அடித்ததும் இஞ்சின் பிடித்தது. வீல்சேரில் இருந்த அப்பாவின் வலது கால் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதுபோல தரையை அழுத்தியது. நான் புகையைச் சாக்கு வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

10/
டாக்டராக ஒன்று. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும் வெடிக்க. கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை பாருங்க. ஆசிட் கண்ணில் பட்டால் உடனே சுத்தமான தண்ணீரில் அரை மணி நேரமாவது கழுவி, நேராக ஆஸ்பத்திரிக்கு வாங்க.

ஊர்க்காரனாக ஒன்று. உங்க வீட்டுப் பரணில் செல் டெஸ்டரோ முள் மீட்டரோ கிடந்தால் பழைய இரும்புக்குப் போடாதீங்க. அதைப் பிடிக்கத் தெரிந்த ஒரு மாஸ்டர் உங்க தெருவிலேயே இருக்கலாம். அவர் இருக்கும்போதே போய் உட்கார்ந்து கத்துக்கோங்க.