கூடு விட்டுக் கூடு

பெட்டி என்று ஒன்று இருந்தால் அதற்கு மூடி இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். பெட்டியே உடைந்தாலும் பொருள் நம்முடையதுதான். பாட்டியின் சுருக்குப்பை முதல் வங்கியின் பெட்டகம் வரை இதுவே உலக வழக்கு. இந்த வழக்கை மாற்றிவிட்ட பெட்டி ஒன்று இன்று நம்மில் பலரிடம் இருக்கிறது. அதுதான் மடிக்கணினி!

முன்பெல்லாம் அதில் சேமிப்பகம் தனி உறுப்பாக இருந்தது. சில திருகுகளைக் கழற்றினால் ஹார்ட் டிஸ்க் கையோடு வந்துவிடும். வேறொரு கணினியில் மாட்டினால், இறந்த கணினியின் நினைவெல்லாம் அங்கே கண் திறக்கும். சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்ந்ததாகச் சொல்வார்களே, ஏறக்குறைய அதுதான்!

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லாவும் உடன் சென்ற ஆறு பேரும் மாண்டதை நாம் அறிவோம். அந்தச் சிதைவுகளுக்கிடையே கருகிக் கிடந்தது ஒரு டிஸ்க். அதன் தட்டுகளைத் துடைத்து வேறொரு டிஸ்க்கின் உடலில் பொருத்தி, செனான் வாயு பற்றிய ஆய்வுக் குறிப்புகளில் பெரும்பகுதியை மீட்டனர். 2008இல் ஆய்வு முடிவே வெளியாயிற்று. விண்ணிலிருந்து எரிந்து விழுந்ததையும் மீட்க முடிந்தது. காரணம், கூடு வேறு, உயிர் வேறாக இருந்ததே.

இன்று மெலிவுக்காகவும் விலைக் குறைவுக்காகவும் பல மடிக்கணினிகளில் சேமிப்புச் சில்லை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். விரல் நகமளவு சில்லு. பரவலான ஒரு வகையில் அதன் அடியில் 153 பற்றாசு மணிகள் உண்டு. கழற்றத் திருகும் இல்லை, பிடுங்க முனையும் இல்லை. போர்டு இறந்தால் உள்ளிருப்பதும் உடன்கட்டை ஏறுகிறது!

இதை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. பட்டரைவாக்கத்தில் எங்கள் வீட்டிலேயே அறிந்தேன். என் தாத்தா ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த நாளைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினால் தெருப்பிள்ளைகள் எல்லாரும் திண்ணையில் கூடிவிடுவோம். என் அண்ணன் அந்தப் பேச்சைப் பதினொரு பதிவுகளாக்கித் தன் மடிக்கணினியில் சேர்த்து வைத்தான். 2023 புரட்டாசியில் தாத்தா மறைந்தார். அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இடுப்பளவு நீரில் அரிசி மூட்டையும் போயிற்று, மடிக்கணினியும் மூழ்கிற்று.

நீர் வடிந்ததும் ஒரு பழுதுபார்ப்பு நிலையத்துக்குக் கொண்டுபோனோம். "போர்டை மாற்றித் தருகிறோம். உள்ளே இருப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. அரிசி மூட்டைக்கு அழாதவர் அன்று அழுதார்.

மறுநாள் மின்ரயிலேறி அண்ணனும் நானும் ரிச்சி தெருவுக்குச் சென்றோம். மாடிப்படிக்குக் கீழே, "சிப் லெவல் சர்வீஸ்" என்று எழுதிய ஒரு சிறு கடை. அங்கிருந்தவர் முதலில் கேட்டது ஒன்றே.

"தம்பி, நனைஞ்ச பிறகு சார்ஜ் போட்டீங்களா?"

"இல்லண்ணே."

"அப்போ பார்க்கலாம்."

அவர் பேட்டரியைக் கழற்றினார். பச்சை பூத்திருந்த போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு பிரஷால் தேய்த்துக் கழுவி உலர்த்தினார். மல்டிமீட்டரை வைத்து ஷார்ட் இருக்கும் மின்தடத்தைக் கண்டார். பிறகு செய்ததுதான் வியப்பு! அந்தத் தடத்தில் மிகக் குறைந்த மின்னழுத்தத்தைச் செலுத்தி, மேலே ஆல்கஹாலைத் தடவினார். சூடேறும் உறுப்பின் மேல் அது முதலில் உலர்ந்துவிடும் அல்லவா? அப்படி உலர்ந்து காட்டிக்கொடுத்தது எள்ளளவு மின்தேக்கி ஒன்று. அதை நீக்கியதும் ஷார்ட் தீர்ந்தது.

"சில்லையே பெயர்த்து எடுத்துப் படிக்க முடியாதா?" என்று கேட்டேன். சில பழைய சில்லுகளை அவ்வாறு படிக்கலாம் என்றார். ஆனால் புதியவை பலவற்றில் எல்லாம் பூட்டிய எழுத்து. பூட்டுக்குரிய சாவி அதே போர்டில் வேறொரு சில்லில் இருக்கும். 2018இல் ஆப்பிள் மடிக்கணினிகளில் இடம்பெற்ற டி2 சில்லு அத்தகையது. விண்டோஸில் 48 இலக்க மீட்புச் சாவி கைவசம் இருந்தால் வழியுண்டு. இல்லையேல் பெயர்த்தெடுத்த சில்லு வெறும் மணல்தான். "அதனால போர்டையே எழுப்பணும் தம்பி. முழுசாப் பிழைக்க வேணாம். ஒரு மணி நேரம் கண்ணைத் திறந்தாப் போதும்" என்றார்.

திறந்தது! பென் டிரைவுக்குப் பதினொன்றில் ஒன்பது பதிவுகள் வந்து சேர்ந்தன. இரண்டு வரவில்லை. அடுத்த வாரமே அந்தப் போர்டு மறுபடி அணைந்தது, இனி எழாது.

ஒன்று எண்ணிப் பார்க்கிறேன். ஓலையும் அழியும் பொருள்தான். அதனால்தான் நம் முன்னோர் தலைமுறைதோறும் படியெடுத்து வைத்தனர். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது ஒரே சுவடியை நம்பவில்லை. பல இடங்களில் தேடிய படிகளை ஒப்பிட்டார். ஒன்றில் செல்லரித்த அடி மற்றொன்றில் பிழைத்திருந்தது. மீட்டவரின் உழைப்பு பெரிது. அதற்கு இடம் தந்தவர்களோ, பெயர் தெரியாத அந்தப் படியெடுத்தோர்!

நண்பர்களே! ஆண்டுதோறும் நம் துறைகளில் கள ஆய்வு நடக்கிறது. ஏரிகள், கோயில்கள், ஆலைத் தொழிலாளர் என்று முதியோர் பலர் நம்மிடம் மனம் திறந்து பேசுகிறார்கள். அவை பெரும்பாலும் ஒரே ஒரு மடிக்கணினியில் குடியிருக்கின்றன. ஒரு படியை வீட்டிலும், மற்றொன்றைக் கல்லூரி நூலகத்திலும் வைப்போம். பேராசிரியப் பெருமக்கள் இதற்கென நூலகத்தில் ஓர் அலமாரித் தட்டு ஒதுக்கித் தந்தால், வரும் டிசம்பர் மழைக்கு முன்பே அதை நிரப்பித் தர மாணவர்கள் நாங்கள் இருக்கிறோம்.