சிங்காநல்லூர்... ஸ்டார்ட் மியூசிக்!

பாஸ், உங்களுக்கு ஒரு டெஸ்ட். பாட்டோட முதல் ரெண்டு செகண்ட் மியூசிக்கை மட்டும் கேட்டு, அது என்ன பாட்டுனு சொல்ல முடியுமா? முடியும்னா நீங்க எங்கப்பா கட்சி!

விஜய் டி.வி-யில் 2019-ல் ஆரம்பிச்ச 'ஸ்டார்ட் மியூசிக்' பார்த்திருப்பீங்க. பிரியங்கா கலாய்க்க, சின்னத்திரை ஸ்டார்கள் அணி பிரிஞ்சு பாட்டைக் கண்டுபிடிப்பாங்க. இலங்கை வானொலியில் பி.ஹெச்.அப்துல் ஹமீது நடத்தின 'பாட்டுக்குப் பாட்டு', 1993-ல் ஜீ டி.வி-யில் வந்த 'அந்தாக்ஷரி'னு இதுக்கு அண்ணன்களும் உண்டு. அதிலெல்லாம் எழுத்தைப் பிடிச்சு பாடணும். இதில் காதுதான் ஹீரோ!

எங்க டிபார்ட்மென்ட் விழாவில் இதே கேமை நடத்த முடிவாச்சு. எலெக்ட்ரானிக்ஸ் பையன் ஆச்சே... பஸ்ஸர் செய்யுற வேலை என் தலையில். யார் முதல்ல அமுக்கினாலும் அடுத்த பட்டன் லாக் ஆகிடணும். ரெடி பண்ணி, வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பா, அம்மாவை வெச்சு டெஸ்ட் பண்ணினேன்.

அப்பா வேலை பார்த்த மில் 2020-ல் ஓட்டத்தை நிறுத்திச்சு. இப்போ ஒரு அபார்ட்மென்ட்ல செக்யூரிட்டி. அதுக்கப்புறம் வீட்டில் பேச்சே கம்மி. அன்னிக்கு பத்துப் பாட்டு போட்டேன். ஒன்பதுக்கு அப்பாதான் பஸ்ஸரை அமுக்கினார். அம்மா பட்டன் வேலை செய்யுதானே தெரியலை!

"எப்டிங்கப்பா?"னு கேட்டேன்.

"மில்லுல டீ டைமு பத்து நிமிஷந்தான் கண்ணு. எதுத்தாப்ல டீக்கடை ரேடியோ. பாட்டு முடியறதுக்குள்ள சங்கு ஊதிருவாங்க. பாதிப் பாட்டு கேட்டுக் கேட்டே பழகிப் போச்சு."

அடுத்த ஞாயிறு, "வா, ஒரு எடத்துக்குப் போலாம்"னார். உக்கடத்தில் பஸ் ஏறி சுங்கம், ராமநாதபுரம், ஒலம்பஸ் தாண்டி திருச்சி ரோட்டில் சிங்காநல்லூர். இங்கேதான் இருந்தது சென்ட்ரல் ஸ்டுடியோ. எம்.ஜி.ஆர் முதன்முதலா ஹீரோவான 'ராஜகுமாரி' (1947) இங்கே எடுத்த படம். இங்கே ஜூபிடர் பிக்சர்ஸில் ஆபீஸ் பையனா இருந்தவர்தான், பின்னாடி மெல்லிசை மன்னரான எம்.எஸ்.விஸ்வநாதன். புலியகுளம் பக்கம் பட்சிராஜா ஸ்டுடியோ வேற. 'மலைக்கள்ளன்' (1954) அவங்க படம். 'சினிமானா சென்னை'னு நினைச்சிருந்த எனக்கு செம பல்பு!

திரும்பும்போது, பூட்டிக்கிடந்த மில் கேட்டுக்கு எதிரே பஸ்ஸை விட்டு இறங்கினார் அப்பா. டீக்கடை இன்னும் இருக்கு. ரேடியோ இல்லை. ரெண்டு டீ சொல்லிட்டு, "உன்ற போன்ல ஒரு பாட்டுப் போடு கண்ணு"ன்னார். எம்.எஸ்.வி பாட்டு போட்டேன். வழக்கம்போல ரெண்டு செகண்டில் பேரைச் சொல்லிட்டார். பாட்டு பாதி ஓடினதும் கை தானா டம்ளரைக் கீழே வெச்சது. எழுந்து நின்னுட்டார். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரிச்சு, மறுபடி உட்கார்ந்தார்.

அன்னிக்கு சங்கு ஊதலை. முழுப் பாட்டையும் கேட்டோம்.

விழா மேடையில் முதல் பஸ்ஸரை அமுக்கப்போற சீஃப் கெஸ்ட் யாருன்னு சொல்லணுமா என்ன? நீங்களும் இந்த ஞாயிறு டி.வி-யை ஆஃப் பண்ணிட்டு, வீட்டுலயே ரெண்டு டீம் பிரிச்சுப் பாருங்க பாஸ். யார் ஜெயிக்கிறாங்கன்னு மட்டுமில்ல... அந்தப் பாட்டை அவங்க எங்கே கேட்டாங்கன்னும் கேளுங்க!