எழுத்துச் செதுக்கும் பொறி

மும்பைவாழ் தமிழ்க் குடும்பங்களில் ஒரு விந்தையைக் காணலாம். குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் எழுதுவார்கள். தமிழ் எழுத்தைக் கண்டால் மட்டும் அயலாரைக் கண்டவர்கள்போல் ஒதுங்குவார்கள். எங்கள் இல்லமும் இதற்கு விலக்கன்று. எட்டாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகன் பாட்டியோடு மணிக்கணக்கில் தமிழில் வாதாடுவான்; அவர் எழுதிய மளிகைச் சீட்டைக் கொடுத்தால், படித்துச் சொல்லும்படி எங்களிடம் நீட்டுவான். எழுத்து இல்லாத பேச்சு எத்தனை தலைமுறை நிற்கும்? இந்தக் கவலையே நாங்கள் ஒரு பொறியைக் கட்ட முனைந்ததற்குக் காரணம்.

முற்காலத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். அதைப்போலவே விரல் பதிந்து செல்லுமாறு மரப்பலகையில் எழுத்துகளைப் பள்ளமாகச் செதுக்கித் தரலாம் என்று எண்ணினோம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1; ஆக 31 பலகைகள். ஞாயிறு தமிழ் வகுப்புக்கு நான்கு வரிசை வேண்டுமென்றால் 124 பலகைகள். அத்தனையையும் ஒரே அளவில், ஒரே ஆழத்தில் உளியால் செதுக்குவது கைதேர்ந்த தச்சருக்கும் பெரும்பாடு. கடைகளில் கேட்ட கூலியோ எங்கள் கைக்கு எட்டவில்லை. ஆகவே, சி.என்.சி. ரௌட்டர் ஒன்றை நாங்களே செய்துகொள்வதென்று முடிவு செய்தோம்.

சி.என்.சி. என்பது கணினி தரும் எண்களின்படி இயங்கும் பொறி. வெட்டும் முனை எங்கிருந்து எங்கே செல்லவேண்டும் என்பதை எண்களாக எழுதிக் கொடுத்தால், மோட்டார்கள் அதனை அவ்வழியே நடத்திச் செல்லும். அமெரிக்காவில் ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகளைச் செய்யும் பணியில் ஈடுபட்டிருந்த ஜான் பார்சன்ஸ் என்பாரின் சிந்தையில் இவ்வெண்ணம் முளைத்தது. 1952ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் அத்தகைய பொறியை இயக்கிக் காட்டினார்கள். அன்று பெரிய பெட்டிகளில் நிறைந்திருந்த அந்த மூளை, இன்று உள்ளங்கையளவு அர்டுயீனோ பலகையில் அடங்கிவிட்டது. அதில் ஓடும் ஜி.ஆர்.பி.எல். என்னும் நிரலை எவரும் விலையின்றிப் பெறலாம். 2011இல் எட்வர்ட் ஃபோர்டு என்பவர் ஷேப்ஓக்கோ என்னும் பொறியை வெளியிட்டது முதல், பல் வைத்த பெல்ட்டால் ஓடும் ரௌட்டர்களை வீட்டிலேயே கட்டுவோர் பலராயினர்.

வெட்டும் முனையை நகர்த்த இரண்டு வழிகள் பெரிதும் வழக்கில் உள்ளன. ஒன்று திருகுத்தண்டு, மற்றொன்று பெல்ட். திருகுத்தண்டு உறுதியானது, ஆனால் நீளம் கூடக்கூட விலை ஏறும், மெலிந்து நீண்ட தண்டு வேகமாகச் சுழன்றால் சாட்டைபோல் ஆடும். பெல்ட் மலிவானது, விரைவானது. அதன் பெருங்குறை, இழுத்தால் இம்மியளவு நீளுவது. பெல்ட்டின் நீளம் இருமடங்கானால் நீட்சியும் இருமடங்காகும். அகலம் இருமடங்கானால் நீட்சி பாதியாகும். இவ்விதியை மனத்திற்கொண்டே வெட்டும் பரப்பை 600க்கு 400 மில்லிமீட்டர் என்று நிறுத்திக்கொண்டோம். 6 மில்லிமீட்டர் பெல்ட்டுக்குப் பதிலாக 10 மில்லிமீட்டர் அகலமுள்ளதை வாங்கினோம். மேலும் கீழும் செல்லும் அச்சு ரௌட்டரின் எடையைத் தாங்கவேண்டுமாதலின், அதற்கு மட்டும் திருகுத்தண்டு வைத்தோம்.

சனிக்கிழமைகளில் மாட்டுங்காவில் ரயிலேறி மஸ்ஜித் நிலையத்தில் இறங்குவோம். பேரிங்கும் புல்லியும் பெல்ட்டும் நாக்தேவி தெருவில்; ஸ்டெப்பர் மோட்டாரும் அதன் டிரைவரும் லாமிங்டன் சாலையில். பொருள்களைக் கூடத்தில் பரப்பி வைத்து மகனோடு கணக்கிட்டோம். மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 200 படிகள். டிரைவர் ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பகுக்கும். ஆக 3200 நுண்படிகள். புல்லியில் 20 பற்கள். பல்லுக்குப் பல் 2 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு 40 மில்லிமீட்டர் நகர்வு. 3200ஐ 40ஆல் வகுத்தால், மில்லிமீட்டருக்கு 80 நுண்படிகள்.

“அப்பா, அப்படியானால் ஒரு மில்லிமீட்டரை எண்பது கூறாக வெட்டலாமே!” என்றான் மகன்.

“தாளில் வெட்டலாம், தம்பி. மரத்தில் வெட்டப் பெல்ட்டும் சம்மதிக்க வேண்டும்” என்பதே எங்கள் மறுமொழி.

முதலில் சதுரங்களைச் செதுக்கினோம், நன்றாக வந்தன. நேர்கோடுகளாலான ஆங்கில எழுத்துகளும் குறையின்றி வந்தன. ழகரத்தை இட்டபோதுதான் பெல்ட் தன் இயல்பைக் காட்டியது. வளைவுகளின் உச்சியிலும் அடியிலும் இரு பக்கங்களிலும் சிறு தட்டைகள் தென்பட்டன. காரணம் இதுதான்: வளைவில் செல்லும் முனை உச்சியை அடைந்ததும், அதுவரை முன்னோக்கிச் சென்ற அச்சு பின்னோக்கித் திரும்பவேண்டும். மோட்டார் உடனே திரும்பிவிடும். பெல்ட்டில் சிறிது தளர்வு இருந்தாலும், அது மறுபக்கம் இறுகிய பின்னரே வண்டியை இழுக்கும். அந்த இமைப்பொழுதில் வளைவு தட்டையாகிவிடும். நேர்கோட்டில் இக்குறை மறைந்துகொள்ளலாம். சுழியும் வளைவுமாக அமைந்த தமிழில் அதற்கு மறைவிடம் ஏது? பெல்ட்டைச் சோதிக்க ணகரம் ஒன்றே போதும் என்று அன்று அறிந்தோம்.

பெல்ட்டின் ஒரு முனையில் இறுக்கும் திருகு அமைத்தோம். இறுகிய பெல்ட்டை விரலால் சுண்டினால் தம்புராத் தந்திபோல் ஒலி எழும். இருபுறமும் சம நீளத்தில் செல்லும் பெல்ட்டுகள் ஒரே சுருதியில் ஒலிக்கும்வரை திருகைச் சரிசெய்தோம். இளமையில் சங்கீதம் பயின்ற பாட்டியின் செவி இதற்குப் பேருதவியாயிற்று. அளவுக்கு மீறி இறுக்குவதும் தீது. மோட்டாரின் பேரிங்குகள் விரைவில் தேய்ந்துவிடும். அடுத்து, 3 மில்லிமீட்டர் ஆழத்தை ஒரே மூச்சில் வெட்டாமல், ஒவ்வொரு மில்லிமீட்டராக மூன்று முறை வெட்டினோம். முனையின்மேல் சுமை குறைந்தது. ஆதலின் பெல்ட்டின் நீட்சியும் குறைந்தது. இறுதியாக, 300 மில்லிமீட்டர் நகருமாறு ஆணையிட்டு அளந்தோம்; 299.4 வந்தது. 80 என்ற எண்ணை 80.16 என்று திருத்தியதும் அளவு நேராயிற்று.

அடுக்குமாடி வீட்டில் இத்தொழில் செய்வோர் இரண்டை மறக்கலாகாது. ஒன்று, இரைச்சல். கீழ்வீட்டு மராத்தி மூதாட்டி பிற்பகலில் உறங்குபவர். அவ்வேளையில் பொறி ஓடாது. மற்றொன்று, மரத்தூள். புற்றுநோய் விளைக்கும் பொருள்களுள் ஒன்றாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை வகைப்படுத்தியுள்ளது. ஆகவே தூளை உறிஞ்சும் வாக்குவம் கிளீனரும் முகமூடியும் இன்றி நாங்கள் பொறியைத் தொடுவதில்லை.

எழுத்தின் வடிவத்துக்கு எங்கே போவது? கணினியிலுள்ள அச்செழுத்துகளுக்கு இரு விளிம்புகள் உண்டு; விரல் செல்லத்தக்க ஒற்றை வழி இல்லை. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதையும் அவை சொல்லமாட்டா. ஆதலின் 31 எழுத்துகளையும் பாட்டியையே எழுதித் தரச் சொன்னோம். அவற்றைப் படமெடுத்து, இங்க்ஸ்கேப் என்னும் வரைமென்பொருளில் கோட்டுக்குக் கோடு வரைந்தவன் மகன். “இது எங்கே ஆரம்பம், பாட்டி?” என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கேட்டு வரைந்தான். பலகைகள் வகுப்புக்குப் போகுமுன்பே அவன் எழுத்தறிந்துவிட்டான்!

இப்போது நான்கு வரிசைகளும் வகுப்பில் உள்ளன. சின்னஞ்சிறு விரல்கள் பாட்டியின் கையெழுத்தில் ஊர்ந்து பழகுகின்றன. ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும். பொறி பள்ளத்தைத்தான் செதுக்கும். ழகரத்துக்கு நாவை எவ்வாறு மடிப்பது என்று அது சொல்லித்தராது. பலகைகள் எத்தனை வேண்டுமாயினும் செய்து தருகிறோம். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் குழந்தைகளின் அருகில் அமர்ந்து, எழுத்தின் ஒலியைச் சொல்லித்தர வல்ல பெரியோர்கள் முன்வர வேண்டும். அவர்களுக்காகவே பலகைகள் காத்திருக்கின்றன.